அடிமைகளை விடுவிக்காமலே அடிமை முறையை ஒழித்த சட்டம்

இந்த எபிசோடை ஒரு சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

1820-கள், இங்கிலாந்து. ஒரு நடுத்தர வர்க்க வீட்டுக்கு டீ குடிக்கப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. மேசையில் ஒரு பீங்கான் கிண்ணம். அதன் மேலே பெருமையாக எழுதியிருக்கும்: இதில் இருப்பது கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் உற்பத்தி செய்தது இல்லை. ஜமைக்கா, பார்படாஸ் மாதிரியான இடங்களில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து விளைவித்த சர்க்கரையை வாங்காதீங்கன்னு நடந்த பெரிய பிரச்சாரத்தின் பகுதி அது. இன்னைக்கு நாம லேபிளைத் திருப்பிப் பார்த்து காபித் தூள் வாங்குறோம் இல்லையா, அதுக்கு இருநூறு வருஷம் முந்தைய வடிவம்.

இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் லிவர்பூல் வியாபாரி ஜேம்ஸ் க்ராப்பர். அடிமை முறையை மனசார எதிர்த்தவர். இந்தியச் சர்க்கரையை இறக்குமதி செய்து விற்றவரும் அவரேதான். ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள நிம்மதியா இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்ட முதலாளிகள் இதை விடுவார்களா? "இந்தியாவில் மட்டும் அடிமைகள் இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

கேட்டவர்களின் நோக்கம் மோசம். ஆனா கேள்வி சரியான கேள்வி.

வங்காளத்துக் கரும்பில் பெரும்பகுதி சிறு விவசாயிகள் பயிரிட்டது என்பது உண்மைதான். ஆனால் அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள்தான் தஞ்சாவூரும் செங்கல்பட்டும் மலபாரும் இருந்தன. அங்கே மனிதர்கள் விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள், நிலத்தோடு சேர்த்துக் கை மாற்றப்பட்டார்கள். இன்னைக்கு நாம பேசப்போறது அவர்களைப் பற்றியும், 1843-ல் அவர்களுக்காக வந்த ஒரு சின்னச் சட்டத்தைப் பற்றியும்.

முதலில் 1833-க்குப் போவோம். ஆகஸ்ட் 28. அந்த ஒரே நாளில் ரெண்டு சட்டங்களுக்கு பிரிட்டிஷ் மன்னரின் ஒப்புதல் கிடைக்கிறது.

ஒன்று, உலகமே கொண்டாடும் அடிமை ஒழிப்புச் சட்டம். கரீபியன் தீவுகள், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 8 லட்சம் பேருக்கு விடுதலை. அதற்கு இழப்பீடு 2 கோடி பவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஒரு வருடச் செலவில் சுமார் 40 சதவீதம். அது போய்ச் சேர்ந்தது அடிமைகளிடம் இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளிடம். இதுக்காக வாங்கின கடன் பிரிட்டிஷ் அரசின் கணக்கிலிருந்து முழுசா தீர்ந்தது 2015-லதான். அந்தச் சட்டத்தின் 64-ஆவது பிரிவைக் கொண்டாட்டங்களில் யாரும் வாசிப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி வசமுள்ள பகுதிகளுக்கும், இலங்கைக்கும், செயின்ட் ஹெலினா தீவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது.

இரண்டாவது சட்டம், கம்பெனியின் ஆட்சி உரிமையைப் புதுப்பித்த சாசனச் சட்டம். இதன் முதல் வரைவில் இந்தியாவிலும் 1837 ஏப்ரலுக்குள் அடிமை முறை முடிய வேண்டும் என்று இருந்தது. மேலவையில் வெலிங்டன் பிரபு எழுந்தார். வாட்டர்லூ வெலிங்டன்தான். இளம் வயதில் இந்தியாவில் படை நடத்தியவர். சிப்பாய்களின் குடிசைகளிலேயே அடிமைப் பெண்கள் உண்டு, இந்தியாவில் ஆட்சி நிலைக்கணும்னா இந்த விஷயத்தைப் பதமாகக் கையாளுங்கள் என்ற தொனியில் பேசினார். முடிவில் தேதி காணாமல் போனது. அடிமைகளின் நிலையை மேம்படுத்தவும், பாதுகாப்பாகச் செய்ய முடிகிறபோது ஒழிக்கவும் கவர்னர் ஜெனரல் வழிகளை ஆலோசிக்க வேண்டும் என்ற வாசகம் மட்டும் மிஞ்சியது. ஆலோசிக்கணும். அவ்வளவுதான்.

இந்தியாவில் அப்போது எத்தனை பேர் அடிமைகள்? பின்னாளில் பம்பாய் கவர்னராக இருந்த பார்ட்டில் ஃப்ரேர் 1841-ஐ ஒட்டிச் சொன்ன மதிப்பீடு 80 முதல் 90 லட்சம். தோராயக் கணக்குதான். யாரை அடிமை என்று எண்ணுவது என்பதிலேயே அன்றைக்கு அதிகாரிகளுக்குள் தகராறு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், 1833 சட்டம் விடுவித்தவர்களை விட அது விட்டுவிட்டுப் போனவர்கள் பல மடங்கு.

ஏன் இவ்வளவு தயக்கம்? இதுக்கு ஒரு நல்ல பெயர் வச்சிருந்தாங்க: உள்ளூர் வழக்கங்களில் தலையிடாமை. 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் போட்ட திட்டப்படி திருமணம், வாரிசுரிமை, சாதி போன்ற விஷயங்களில் இந்துக்களுக்கு சாஸ்திரம், முஸ்லிம்களுக்கு ஷரியத். அடிமை உரிமையையும் கம்பெனி நீதிமன்றங்கள் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டன. அதாவது எஜமான் கோர்ட்டுக்குப் போய், 'இவன் என் ஆள்' என்று வழக்குப் போடலாம்.

தலையிடாமைன்னு சொன்னா கம்பெனி ஓரமா நின்னு வேடிக்கை பார்த்ததுன்னு தோணும். அப்படி இல்லை. அதே 1772-ல் அதே ஹேஸ்டிங்ஸ் கொண்டுவந்த விதி ஒன்று: கொள்ளைக்காரனைத் தூக்கில் போட்டால் அவன் குடும்பம் அரசுக்கு அடிமை. மலபாரில் இன்னும் வெளிப்படை. அன்று அது மெட்ராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம். நிலவரி பாக்கி வைத்தவரின் மற்ற சொத்துகளோடு அவருடைய அடிமைகளையும் விற்று வசூலிக்கும் வழக்கம் அங்கே இருந்தது, 1819-ல்தான் நிறுத்தினார்கள். அரசாங்க நிலங்களிலும் அடிமைகள் இருந்தார்கள். அவர்களால் வந்த வருமானம் கலெக்டரின் கணக்கில் வருடா வருடம் வரவு வைக்கப்பட்டது: 927 ரூபாய் சொச்சம். 1836-ல் அந்த வரவைத் தள்ளுபடி செய்து, அந்த அரசாங்க அடிமைகளை விடுவிக்க ஒப்புக்கொண்டார்கள். கூடவே ஒரு எச்சரிக்கை. மற்ற உடைமையாளர்கள் பயந்துவிடாதபடி, மற்ற அடிமைகளுக்கு அவசரப்பட்டு நம்பிக்கை வந்துவிடாதபடி, இதைச் சத்தமில்லாமல் செய்ய வேண்டும்.

அந்த வரியைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க. அடுத்த ஏழு வருஷ அரசியல் அதுக்குள்ள இருக்கு.

தமிழ் மாவட்டங்களில் இதன் உருவம் வேறு. இங்கே 'அடிமை' என்ற சொல் இருந்தது. கூடவே பண்ணையாள், படியாள் என்ற சொற்களும் இருந்தன. காவிரிப் பாசனத்தில் நெல் வயலுக்கு ஒவ்வொரு பருவத்திலும் சரியான நாளில் ஆள் வேண்டும். மிராசுதார்கள், அதிலும் குறிப்பாகப் பிராமணர்களும் வேளாளர்களும், தாங்களே சேற்றில் இறங்குவதில்லை. இறங்கியவர்கள் ஆவணங்களில் பள்ளர், பறையர் என்று குறிக்கப்படும் மக்கள். கூலி பெரும்பாலும் தானியம். குடியிருக்கிற இடம் மிராசுதாருடையது. கம்பெனிக்கு வர வேண்டிய நிலவரி இந்த நெல்லிலிருந்துதான் வரணும். பண்ணையாள் வயலை விட்டுப் போனால் மிராசுதாருக்கு மட்டுமா நஷ்டம்? கலெக்டருக்கும்தான். 'உள்ளூர் வழக்கத்தில் தலையிட மாட்டோம்' என்ற கொள்கைக்குப் பின்னால் இருந்த கணக்கு இது என்பது என் கருத்து. சதி மாதிரியான வழக்கத்துக்கு 1829-லேயே தடை போட்ட அரசுதானே இது?

சரி, அப்போ 1843-ல் எப்படி சட்டம் வந்தது?

இங்கே ஒரு அப்பா-மகன் கதை. சகாரி மெக்காலே, பிரிட்டனில் அடிமை எதிர்ப்பு இயக்கத்தின் தூண்களில் ஒருவர். அவர் மகன்தான் நம்ம பாடப்புத்தகத்தில் திட்டு வாங்கும் தாமஸ் மெக்காலே. கல்விக் குறிப்பு எழுதிய அதே ஆள். இந்தியாவின் முதல் லா கமிஷனுக்குத் தலைமை தாங்கி, 1837-ல் ஒரு தண்டனைச் சட்ட வரைவைக் கொடுத்தார். அதில் அடிமை முறையை ஒழிக்கிறேன் என்று எங்கேயும் அறிவிக்கவில்லை. பதிலாக, அடித்தவர் எஜமான் என்பதற்காக அடி குற்றமில்லை என்று ஆகாது என்ற நிலையை எடுத்தார். எஜமானுக்கு விதிவிலக்கே கொடுக்கவில்லை. அந்த வரைவு அலமாரியில் தூங்கப் போய் 1860-லதான் இந்தியத் தண்டனைச் சட்டமாக எழுந்து வந்தது. ஆனா அந்த யோசனை நின்றது.

லண்டனில் அழுத்தம் கூடியது. கரீபியனில் வேலை முடித்த இயக்கத்தினர் இப்போது இந்தியா பக்கம் திரும்பினார்கள். ராம்மோகன் ராயின் கூட்டாளியாக இருந்த முன்னாள் மிஷனரி வில்லியம் ஆடம், 1840-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் அடிமை முறை பற்றி ஒரு புத்தகமே போட்டார். அதே வருடம் லண்டனில் கூடிய உலக அடிமை எதிர்ப்பு மாநாட்டிலும் இந்தியா பேசுபொருள். சர்க்கரை அரசியலும் சும்மா இல்லை. 1836-லேயே வங்காளச் சர்க்கரைக்கும் மேற்கிந்தியச் சர்க்கரைக்கும் ஒரே சுங்க வரி என்று ஆகிவிட்டது. இனி 'அடிமை கலக்காத சர்க்கரை' என்று சொல்லி விற்கிறவர்களுக்கு அடிமைகள் உள்ள இந்தியா ஒரு சங்கடம். லா கமிஷன் 1841-ல் நீளமான அறிக்கை கொடுத்தது. கமிஷனர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகவில்லை.

கடைசியில், எல்லன்பரோ கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1843 ஏப்ரல் 7 அன்று, ஐந்தாம் சட்டம் வந்தது. மொத்தமே நாலு பிரிவு. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

ஒரு சட்டம் எதைத் தடுக்குதுன்னு பார்த்தா, அதுவரைக்கும் என்ன நடந்துட்டிருந்ததுன்னு தெரிஞ்சிடும். அப்படியே வாசிப்போம்.

முதல் பிரிவு: கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றவோ, வாடகை, வரி பாக்கியை வசூலிக்கவோ எந்த அரசு அதிகாரியும் ஒருவரை அடிமை என்ற பெயரில் விற்கக் கூடாது. அப்போ, அதிகாரிகள் விற்றிருக்கிறார்கள். இரண்டாவது: ஒருவரை அடிமையாக உடைமை கொண்டாடும் உரிமையை எந்த நீதிமன்றமும், எந்த நீதிபதியும் அமல்படுத்தக் கூடாது. மூன்றாவது: தன் உழைப்பாலோ தொழிலாலோ வாரிசுரிமையாலோ சம்பாதித்த சொத்தை, 'நீ அடிமை' என்ற காரணம் சொல்லிப் பறிக்கக் கூடாது. நான்காவது: சுதந்திர மனிதருக்குச் செய்தால் எது குற்றமோ, அதை அடிமை என்ற சாக்கில் ஒருவருக்குச் செய்தாலும் அது குற்றம்.

இதில் இல்லாத ஒன்றைக் கவனிச்சீங்களா? 'அடிமைகள் இன்றுமுதல் விடுதலை' என்ற வாக்கியம் எங்கேயும் இல்லை. அடிமை வைத்திருப்பது குற்றம் என்றும் இல்லை. அரசு செய்தது ஒன்றே ஒன்று: எஜமானுக்குக் கொடுத்துவந்த கையை விலக்கிக்கொண்டது. உன் ஆள் ஓடிப்போனால் இனி எங்ககிட்ட வராதே, கோர்ட் பிடித்துத் தராது.

இதுக்குப் பின்னால் ஒரு சட்டச் சிந்தனை இருக்கு. 1772-ல் சாமர்செட் என்ற கறுப்பின அடிமையின் வழக்கில் இங்கிலாந்து தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், அடிமை முறை அவ்வளவு வெறுக்கத்தக்கது, வெளிப்படையான சட்டத்தின் துணை இல்லாமல் அது நிற்க முடியாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். சரி, துணையை எடுத்துவிட்டால் தானாக விழுந்துவிடுமே? இந்தியாவில் செய்து பார்த்தது அதைத்தான்.

அரசுக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. யாரையும் விடுவிக்கவில்லை என்பதால் யாருக்கும் இழப்பீடு தர வேண்டாம். கரீபியனில் 2 கோடி பவுண்டு, இங்கே பூஜ்யம். மிராசுதார் கொதிக்க மாட்டார், ஏனென்றால் மறுநாள் காலையில் அவர் வயலில் எதுவும் மாறியிருக்காது. லண்டனில் 'ஒழித்துவிட்டோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மாதிரி பிறகு ஏற்றுமதியும் ஆச்சு. 1874-ல் கோல்டு கோஸ்ட், அதாவது இன்றைய கானா, 1897-ல் சான்சிபார். அடிமையின் சட்ட அந்தஸ்தை மட்டும் நீக்கும் 'இந்திய முறை' ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியின் பழக்கமாகவே ஆனது.

சரி, ஒரு பண்ணையாளின் இடத்திலிருந்து இந்தச் சட்டத்தைப் பாருங்க. சட்டப்படி நீங்க கிளம்பிப் போகலாம். எங்கே போவீங்க? குடிசை நிற்கிற மண் மிராசுதாருடையது. இன்னொரு பண்ணைக்குப் போனால் அங்கேயும் இன்னொரு மிராசுதார். சொந்தமாக நிலம் கேட்டால், புறம்போக்குத் தரிசின் மேலும் தனக்கு முன்னுரிமை உண்டு என்பார் உள்ளூர் மிராசுதார். மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வேறு நிற்கிறது. 'அடிமை' என்ற சொல் சட்டத்திலிருந்து போனபோது 'கடன்' என்ற சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. விலைக்கு வாங்கின ஆள் போய், முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட ஆள் வந்தாச்சு. வயல் அதே வயல்.

ஆனாலும் இந்தச் சட்டத்தால் ஒண்ணுமே ஆகலைன்னு சொல்லிட்டுப் போறது சோம்பேறித்தனம். கோர்ட்டும் கலெக்டரும் எஜமானின் ஆளாக நிற்பது நின்றது. போக ஓர் இடம் திறந்தபோது அது பலித்தது. இலங்கையின் காபித் தோட்டங்கள், மொரிஷியஸ், பர்மா, பிறகு மலேயா. கப்பல் ஏறியவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் பெரும்பாலும் கொடுமையான இடம்தான். ஆனா ஆள் போய்விடுவான் என்ற பயம் ஊரில் இருந்த மிராசுதாருக்கு வந்தது. சட்டத்தால் மட்டும் வராத பயம் அது.

அந்தப் பயத்துக்கும் சட்டம் மருந்து வைத்திருந்தது. 1859-ல் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால், பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. பார்க்க சாதாரண ஒப்பந்தச் சட்டம் மாதிரி இருக்கும். ஆனா கடனைத் திருப்பித் தராத ஒரு வியாபாரி மேல் போடுவது சிவில் வழக்கு. கூலிக்காரர் மேல் மட்டும் சிறைத் தண்டனை. நீலகிரி, வயநாடு, அசாம் தோட்ட முதலாளிகளுக்கு இது நல்ல ஆயுதம். 1920-களின் நடுவில்தான் ரத்தானது. 1843-ல் பின்வாங்கிய அரசின் கை, 16 வருடத்தில் வேறு சட்டையின் வழியாக வெளியே நீண்டது. நடுவில் ஒரு நல்லதும் நடந்தது என்பதையும் சொல்லணும். தண்டனைச் சட்டம் 1862-ல் அமலுக்கு வந்தபோது, ஒருவரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் முதல்முறையாக நாடு முழுக்கக் குற்றமானது. பிரிவு 370.

இன்னொரு முப்பது வருடம் தள்ளிப் போவோம். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், தன் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடிமனைக்கூட சொந்தமில்லாத நிலை, கடனுக்கு உழைப்பை எழுதிக்கொடுக்கும் வழக்கம், நிலம் கேட்டால் மிராசுதார்கள் போடும் முட்டுக்கட்டை எல்லாம் அதில் இருந்தன. சட்டம் கையை விலக்கிக்கொண்டால் போதாது, நிலம் கொடுக்க வேண்டும் என்றார். அடுத்த வருடம் வந்த அரசாணையிலிருந்து தொடங்குவதுதான் இன்றைக்கும் நாம் செய்திகளில் கேட்கும் பஞ்சமி நிலம். அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போச்சு என்பது தனி எபிசோடு. வரும்.

இப்போ நான்காவது பிரிவை மறுபடி ஞாபகப்படுத்திக்கோங்க. சுதந்திர மனிதரை அடித்தால் குற்றம் என்றால், இவரை அடித்தாலும் குற்றம். 1843.

1944, தஞ்சை மாவட்டம். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியிருந்த நேரம். வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது. இதுதான் பல பண்ணைகளில் தண்டனை. மன்னார்குடியில் அந்த வருடம் மிராசுதார்களோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் இது ரெண்டும் நிற்கணும் என்று முடிவானது. நூற்றியோரு வருடமாகப் புத்தகத்தில் குற்றமாக இருந்த ஒன்றை நிறுத்த, வயலில் வேலை நிறுத்தம் செய்கிற ஒரு சங்கம் வேண்டியிருந்தது. சிவப்புக் கொடி பிடிச்சிருந்தீங்களோ இல்லையோ, இதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1952-ல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்த நேரத்தில் விரட்ட முடியாது, கூலிக்கு ஓர் அளவு உண்டு. அதன் பெயரிலேயே 'பண்ணையாள்' இருப்பதைப் பாருங்க. 1843-ல் சட்டம் கண்ணை மூடிக்கொண்ட ஆளை, இந்தச் சட்டம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

பிறகு 1976, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். எமர்ஜென்சி காலத்துச் சட்டம் என்பதால் இதைப் பாராட்ட எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா எழுதியவர்கள் பழைய ஓட்டையைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். கொத்தடிமைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் விடுவிக்கப்பட்டார் என்று அது நேரடியாகவே சொல்கிறது. கடன் அழிந்தது என்கிறது. வசூலிக்க வழக்குப் போட முடியாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மேல் வைக்கிறது. குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. மறுவாழ்வைக் கலெக்டரின் கடமையாக்குகிறது. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புதான். பசியும் ஒரு நிர்ப்பந்தம்தானே என்று கேட்டது கோர்ட்.

இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஒரு செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ ஒரு குடும்பம் மீட்கப்பட்டால், அவர்கள் கையில் ஒரு தாள் கொடுக்கப்படும். விடுதலைச் சான்றிதழ். கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துத் தருவது. பெயர், எங்கே வேலை செய்தார், எவ்வளவு முன்பணம், இன்ன தேதியில் விடுவிக்கப்பட்டார். அது இருந்தால்தான் பழைய முதலாளி வந்து கடனைக் கேட்கும்போது காட்ட முடியும், மறுவாழ்வுத் தொகைக்கு விண்ணப்பிக்க முடியும். சில சமயம் மீட்ட அன்றே கிடைக்கும். சில சமயம் இது கொத்தடிமை இல்லை, வெறும் கூலித் தகராறு என்று அதிகாரி எழுதிவிட்டால், அந்தத் தாளுக்காக அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் அலுவலகப் படி ஏறிக்கொண்டிருக்கும்.